சுமை கைமாறும் இடம்

நாற்பத்தைந்து வயதில் எனக்குக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தது; கூடவே மூன்று மாதப் பயிற்சியும்.

கொல்லிமலையில், அரியூர் நாட்டுப் பக்கம் அலுமினியத் தாதுவான பாக்சைட் தேடும் முகாம். கம்ப்யூட்டர் மொழிகளில் மண் மாதிரிகளின் கணக்குக்கு ஃபோர்ட்ரான் கெட்டி, அறிக்கை அச்சடிக்கக் கோபோல் கெட்டி. ஒரே மொழியா, இரண்டுமா என்று அடிவாரத்திலிருந்த அதிகாரிக்கு மாலைக்குள் சொல்லவேண்டும். இரண்டு என்றால், ஒன்று தருவதை மற்றது தவறவிட்டால் மொத்த வேலையும் பாழ். அந்தக் கவலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

மண் மாதிரிப் பெட்டியைத் தலையில் வைத்து என்னோடு இறங்கியவர் குட்டையான மனிதர். கழுத்து மட்டும் பலாமரம். பாதி வழியில் இன்னொரு சுமைகாரர் காத்திருந்தார். பெட்டி தலைமாறியது. ஆனால் என்னோடு வந்தவர் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

பிறகுதான் விட்டார்.

"தினமும் கேப்பீங்களா?" என்றேன்.

"ஆமாங்க சாமி. ஒருக்கா கேக்காம உட்டுட்டனுங்க, பொட்டி பள்ளத்துல போயிருச்சு. நான் வெரசா உட்டனா, அவன் புடிக்கலியான்னு இன்னிக்கும் தெரியலீங்க."

சொல்லிவிட்டு மலையேறிப் போய்விட்டார். என் மூன்று மாதப் பயிற்சி அந்த ஒற்றைக் கேள்வியின் முன் கைகட்டி நின்றது.

மாலையில் அதிகாரியிடம் சொன்னேன்: "ரெண்டு மொழியும் இருக்கட்டும் சார். முதலாவது அனுப்பினது முழுசா வந்துச்சான்னு ரெண்டாவது சரிபார்த்துச் சொல்லணும். அப்புறம்தான் மேற்கொண்டு வேலை."

"பிரமாதம்! யாரோட யோசனை?"

வாயைத் திறந்தேன். அந்த மனிதரின் பெயரைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.