மெய்ஸ்கே சொன்ன சாட்சி

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில், மெய்ஸ்கே மூத்தவன் ஜெரிலுக்குத் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஏழு வயது. நான்கு வயது நதாலியா பக்கத்தில் குளிரில் நடுங்கியபடி, “எனக்கு எப்பம்மா, எனக்கு எப்ப?” என்று நச்சரித்தாள். கைக்குழந்தை மார்செல் தாயின் முதுகில் துணியில் கட்டப்பட்டுத் தூங்கினான். ஜெரிலின் கழுத்து மெல்ல இடப்பக்கம் திரும்பியது. கண் மேலே செருகியது. சோப்பு நுரையோடு அவன் சரிந்தபோது மெய்ஸ்கே அவனைப் பிடித்துவிட்டாள்.

என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவனை ஒருக்களித்துக் கிடத்தினாள். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். வாயில் எதையும் திணிக்கவில்லை. கையைக் காலை அழுத்திப் பிடிக்கவும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருந்தாள். குளியலறையில் கடிகாரம் கிடையாது. நேரத்தைக் கணக்கிட மெய்ஸ்கே பரமண்டல ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நான்காவது முறை பாதியில் இருக்கும்போது உடல் தளர்ந்து, மூச்சு சீரானது. உதட்டில் நீலம் மறைந்தது.

“அண்ணன் மறுபடி ஆடுறான்,” என்றாள் நதாலியா.

“ஆடல. வழுக்கி விழுந்துட்டான்.”

“இல்லம்மா, ஆடினான்.”

“வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா அடி விழும்.”

அந்தக் குழந்தையை அவள் அதுவரை அடித்ததே இல்லை.

வலிப்பு வந்தது அவமானம் அல்ல. டொமோஹோன் ஊரில் எல்லோருக்கும் அவனுடைய வலிப்பைப் பற்றித் தெரியும். சிக்கல் வேறு. பதினைந்து நாள் முன்புதான் மெய்ஸ்கே வீட்டில் ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது. அப்போது ஜெரிலுக்கு எட்டு மாதமாக வலிப்பு வந்திருக்கவில்லை. அந்த எட்டு மாதமும் சபையின் வட்டாரத்தார் வாராவாரம் வீட்டுக்கு வீடு கூடும் ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அந்த எட்டு மாதமும் அவள் காலையும் மாலையும் மாத்திரை கொடுத்தாள். கூட்டத்துக்காகக் கணவன் நோவ்லி ஒரு பன்றியை அடித்தான். மூங்கிலில் அடைத்து வேகவைத்த கறி, புகை போட்ட சூரை மீன், ஊர் முழுக்கச் சாப்பாடு. மெய்ஸ்கே எழுந்து நின்று சாட்சி சொன்னாள். ஆண்டவர் என் மகனைத் தொட்டார் என்றாள். பெண்கள் அழுதார்கள்.

வட்டாரத்தின் மூப்பர் டாந்தா நோன். டாந்தா என்றால் அத்தை. ஊருக்கே அவள் அத்தை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: “மாத்திரை இன்னும் குடுக்கிறியா என்ன?”

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இல்ல டாந்தா,” என்றாள் மெய்ஸ்கே.

அது பொய். அன்று காலையில்கூடக் கொடுத்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் அந்தப் பொய்யை மெய்யாக்கும் வழி ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. மிச்சமிருந்த மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்தால்தான் டாக்டர் மெதுவாகக் குறைப்பார், நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மெய்ஸ்கே அதை மறக்கவில்லை. அதை நம்பினால் ஆண்டவரை நம்பவில்லை என்றாகிவிடும் என்று நினைத்தாள்.

அந்தத் திங்களுக்கு மறுநாள் ஜெரிலுக்கு ஒன்றும் வரவில்லை. ஒருமுறை வந்தது வந்ததுதான், இனி வராது என்று மெய்ஸ்கே மனத்தைத் தேற்றிக்கொண்டாள். புதன்கிழமை மாலை வட்டாரக் கூட்டம். டாந்தா நோன் பாட்டை முடித்ததும் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னிக்கு வராதவங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. ஜெரில் சாட்சிய இன்னொரு தடவ சொல்லு மகளே.”

“அன்னிக்கே எல்லாம் சொல்லிட்டேனே டாந்தா.”

“கறிதான் ஒரு நாளோட தீந்து போகும். சாட்சி தீருமா?” எல்லோரும் சிரித்தார்கள்.

மெய்ஸ்கே எழுந்தாள். முன்பு சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். எதிர்வரிசையில் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஓல்வி, ஆறு வயது மகள் கிரேசியாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கிரேசியாவுக்கும் வலிப்பு உண்டு. அவளும் அதே மாத்திரைதான் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெரிலுக்கு மறுபடி வந்தது. அடுத்த வாரம் இரண்டு முறை. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டாள். அடுப்படியில் பாய் விரித்து, கண் பார்வையிலேயே படுக்க வைத்தாள். கஞ்சிக்குக் கீரை கிள்ளும்போதும், கைக்குழந்தைக்குத் துணி மாற்றும்போதும் அவள் காது அவன் மூச்சிலேயே இருந்தது. கழிவறைக்குப் போனால்கூடக் கதவைச் சாத்துவதில்லை.

மனாடோ நகரச் சந்தைக்குக் காரட் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பிய நோவ்லி, ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பையன் கண்ணெதிரே விழுந்தான்.

“இது எத்தனாவது?” என்று கேட்டான், பையன் அடங்கிய பிறகு.

“நாலாவது.”

“சுகாதார நிலையத்துக்குப் போவோம். கிளம்பு.”

“அங்க சீட்டு எழுதுறது யாரு? டாந்தா நோன் மருமக. சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும்.”

“பேசட்டும். நீ என்ன கோழியா திருடின?”

“ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிருக்கேன். கோழி திருடியிருந்தா பரவால்ல.”

“அப்ப மனாடோல காட்டலாம். சனிக்கிழமை லாரிலயே கூட்டிட்டுப் போறேன்.”

சனிக்கிழமை முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியில் அச்சு முறிந்தது. பையனைக் கூட்டிப்போக வீட்டுக்கு வரும் வழியிலேயே நோவ்லி மாட்டிக்கொண்டான். அன்று காலை பத்து மணிக்கு ஓல்வி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகம் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தது.

“ஏ மெய்ஸ்கே, நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுல ஸ்தோத்திரக் கூட்டம். நீதான் முதல் சாட்சி.”

“எதுக்கு?”

“எதுக்கா? கிரேசியாவுக்கு மாத்திரைய நிறுத்தி ஒம்போது நாள் ஆச்சுடி! ஒண்ணுமே வரல. நீ அன்னிக்குப் பேசினியே, ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. அவ மாத்திரைய விட்டுட்டு விசுவாசிச்சிருக்கா, நான் ஏன் விசுவாசிக்கலைன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

மெய்ஸ்கே வாயைத் திறந்தாள். அடுப்படியில் ஜெரில் இருமினான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஓல்வி வாழைப்பழத்தை அவள் கையில் திணித்துவிட்டு, “இன்னும் பன்னெண்டு வீட்டுக்குச் சொல்லணும்,” என்று நடையைக் கட்டினாள்.

மத்தியானம் கஞ்சிக்கு முன் ஜெபிப்பது நதாலியாவின் முறை. அந்த வீட்டில் பிள்ளைகள் முறை வைத்து ஜெபிப்பார்கள். அவள் கண்ணை இறுக மூடி, ஒரே மூச்சில் சொன்னாள்:

“இயேசப்பா, கஞ்சிக்கு ஸ்தோத்திரம். அண்ணன் ஆடுறது யாருக்கும் தெரியாம பாத்துக்கோங்க. உங்களுக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிறோம். ஆமென்.”

ஜெரில் ஆமென் சொன்னான். மெய்ஸ்கேக்குச் சொல்ல வரவில்லை. கஞ்சியைப் பரிமாறினாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஓல்வி வீட்டில் நாற்காலி போதாமல் காரட் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கிரேசியா புது மஞ்சள் கவுனில் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். டாந்தா நோன் பெயர் சொல்லி அழைத்ததும் மெய்ஸ்கே எழுந்தாள். கைக்குழந்தையை, இரவே திரும்பியிருந்த நோவ்லியிடம் கொடுத்தாள்.

“ஜெரிலுக்குச் சுகமாகல,” என்றாள். “திரும்ப வந்துடுச்சு. நாலு தடவ. மாத்திரை குடுத்தவரைக்கும் வரல, நிறுத்தினதும் வந்துச்சு. ஓல்வி, கூட்டம் முடியற வரைக்கும் காத்திருக்காத. கிரேசியாவுக்கு மாத்திரைய இப்பவே குடு.”

கறித்தட்டு வைத்திருந்த ஒருவர் தட்டைத் தரையில் வைத்தார்.

“சாட்சியத் திருடத்தான் சாத்தான் வருவான்,” என்றாள் டாந்தா நோன். “உக்காரு மகளே. நீ சோந்து போயிருக்க.”

“நான் சோந்துதான் போயிருக்கேன் டாந்தா. பையனுக்கு வர்றதும் நிஜம்தான்.”

ஓல்வி முற்றத்தைக் கை காட்டினாள். அவள் குரல் உயர்ந்தது. “அங்க பாரு. ஓடுறா. உனக்கு விசுவாசம் அத்துப் போச்சுன்னா எம் பொண்ண ஏன் இழுக்கிற? வயித்தெரிச்சலா? போடி என் வீட்ட விட்டு!”

டாந்தா நோன் பாட்டு ஆரம்பித்தாள். மெய்ஸ்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முற்றத்தில் கிரேசியாவைத் தாண்டும்போது நின்று அவள் கண்ணையும் கழுத்தையும் ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

திங்கள் காலை சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “ஜெரிலா? சுகமானவன்தானே?”

“எழுது,” என்றாள் மெய்ஸ்கே.

பெஞ்சில் ஓல்வி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கிரேசியா அவள் தோளில் துவண்டு தூங்கினாள். கீழுதடு வீங்கிப் பிளந்திருந்தது, நெற்றியில் கட்டு. மஞ்சள் கவுனை மாற்றவில்லை. பெஞ்சில் வேறு இடம் இல்லை. மெய்ஸ்கே ஜெரிலை அணைத்தபடி ஓல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு ஓல்வி எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“உன் பையனுக்குத் திரும்ப வந்தது என்னிக்கு?”

மெய்ஸ்கே வேறு நாள் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஒரு நாளைத் தள்ளிச் சொன்னால் போதும்.

“திங்கக்கெழம. ரெண்டு வாரம் முன்னாடி.”

“நீ எழுந்து நின்னு பேசினது புதன்.”

“ஆமா.”

“நான் நிறுத்தினது வியாழன்.”

உள்ளேயிருந்து கிரேசியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓல்வி மகளைத் தோளில் சரியாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். குழந்தையின் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. மெய்ஸ்கே குனிந்து அதை எடுத்து நீட்டினாள். ஓல்வி அதை வாங்கிக்கொண்டாள். மெய்ஸ்கேயின் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போனாள்.