வால்வு மாற்றப் போய் வாயைக் காட்டினது

அன்றைக்கு வேனில் இருந்தவர்கள்: என் பெண்சாதி. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த அவள் தம்பி. என்னோடு நெல் மண்டியில் மூட்டை தூக்கும் ரெண்டு பேர். மண்டி முதலாளி பாய், வேன் அவருடையது. அப்புறம் நான்.

இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மூட்டையோடு லாரிப் பலகை ஏறினால் பாதியில் மூச்சு நின்றுவிடும். ரத்தம் கொடுக்க மூணு பேரைக் கூட்டி வரச் சொன்னார்கள். மச்சினன் மூணு நாளாக ஈரல்தான் தின்றான். பெண்சாதி எல்லாருக்கும் பீட்ரூட் போட்டாள். பாய்க்கு வயசாகிவிட்டது, அவரிடம் எடுக்க மாட்டார்கள். அவரும் பீட்ரூட் தின்றார்.

பெரிய டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ஈறெல்லாம் சீழ். எனக்குத் தெரியும். செங்கல் தூள் வைத்துத் தேய்த்தால் ரத்தம் வரும். துப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

"ஈறுல இருக்குற கிருமி ரத்தத்துல கலந்து வால்வுல போயி உக்காந்துக்கும். புது வால்வும் கெட்டுடும். பல்லை சரி பண்ணிட்டு வாங்க. அப்புறந்தான் கத்தி வைப்பேன்."

பல் டாக்டர் சின்னப் பொண்ணு. ஆறு பேரும் உள்ளே போனோம்.

"யாருக்குப் பல்லு?"

"இதயம்தாம்மா" என்றார் பாய்.

"அது அடுத்த கட்டடம்."

"அங்கேருந்துதான் வர்றோம்."

எட்டுப் பல் எடுக்கணும், மிச்சத்தைச் சுத்தம் பண்ணணும், ஈறு ஆறின பிறகுதான் ஆபரேஷன் என்றாள். மச்சினன் சட்டைக் கையை மடித்து நீட்டினான்.

"எனக்கு லீவு முடியுது டாக்டர். இப்பவே எடுத்து வச்சுக்குங்க."

"பல்லுக்கு ரத்தம் வேணாங்க. உங்க ஈறும் வீங்கியிருக்கே. உக்காருங்க, பாக்குறேன்."

அவன் கதவுக்கு வெளியே போய் நின்றான். "ரெண்டு பாட்டில் வேணும்னாலும் எடுத்துக்குங்க. வாயை மட்டும் கேக்காதீங்க."

பாய் தன் பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவரை யாரும் கேட்கவில்லை.

மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, நாலு பிடுங்கினாள்.

சாயங்காலம் வீடு வந்தோம். தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தையல் இல்லை. கன்னம் வீங்கியிருந்தது.

"வாய் வழியாவே விட்டு மாத்திட்டாங்களா?"

வாயில் பஞ்சு. இல்லை என்றுதான் தலையாட்டினேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "இப்பல்லாம் எல்லாம் ஃபாரின் முறை" என்று மற்றவர்களுக்குச் சொன்னார்.

மறுவாரம் மிச்சம் நாலும் போனது. ஈறு ஆறியது. அதற்குள் மச்சினன் குவைத் போய்விட்டான். ரத்தத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. பெண்சாதி தெருவில் கேட்டாள்.

"அதான் முடிஞ்சுபோச்சே தங்கச்சி" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஒரு இதயத்துக்கு எத்தனை ஆபரேஷன் பண்ணுவாங்க?"

அவள் விளக்கிச் சொன்னாள். பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தார்கள். யாரும் வரவில்லை.

ஆள் இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும். எனக்கு அப்போது படுத்தாலே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் மூட்டைக்காரர்கள் ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்சாதி நர்ஸிடம் கேட்டாள்.

"பொம்பளைகிட்ட எடுப்பீங்களா?"

"எடுப்போமே."

கையை நீட்டினாள். அதுவரைக்கும் யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பெரிய டாக்டர் டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார். சரி என்றார். மறுநாள் நெஞ்சைப் பிளந்து வால்வை வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கழுத்துக்குக் கீழேயிருந்து வயிறுவரை தையல். படுத்துத் தூங்க முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் பார்க்க வந்தார். சட்டையை அவிழ்த்துக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"அது கெடக்கட்டும். வாயைத் தொறங்க."

திறந்தேன். வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

இருபத்திநாலு.