இரண்டு பிரேக் வண்டி

பிரேக் மாஸ்டர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. முப்பத்தோரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, இவர் பக்கத்து சீட்டில் சாவகாசமாக ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவார். கால் மட்டும் தன் பக்கத்து பிரேக்கின் மேல் இருக்கும். ஆமாம், அந்த வண்டிக்கு இரண்டு பிரேக்.

ஆபீஸ் முழுக்க அவர் மனைவி பொறுப்பு. ஃபாரம் நிரப்புவது, யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று பார்ப்பது எல்லாம் அவள்தான். கூடவே ஒரு திருட்டுத்தனமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் தேர்வன்று அதிகாரி குனிந்து எழுதும் நேரம் பார்த்து, மைதான ஓரத்தில் நின்று அவள் காதைத் தொட்டால் வண்டி ஓட்டும் மாணவர் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். கைப்பையைத் தோள் மாற்றினால் இண்டிகேட்டர் போட வேண்டும். "நம்மகிட்ட வந்தவங்க ஃபெயில்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்பது மாஸ்டர் கட்சி. வந்ததும் இல்லை.

போன வியாழக்கிழமை, படிக்க வந்த பெண்ணொருத்தி வண்டியை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு அழுதுகொண்டே ஆபீசுக்கு நடந்து வந்தாள்.

"எதிர்ல லாரி வருது மேடம், எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சார் சார்னு கத்தறேன். அவரு குனிஞ்சு அந்த பிரேக்கையே பாத்துட்டு, இது என்னதுன்னு கேக்கறாரு!"

லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியதால் தப்பித்தார்கள். ஒரு வருஷமாகவே மனைவி மாணவர் பெயரையும் போக வேண்டிய வழியையும் சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டி அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். அலைச்சல், தூக்கமில்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். இனி அந்தப் பருப்பு வேகாது.

ஆஸ்பத்திரி என்றதும் மாஸ்டர் எகிறிக் குதித்தார். "எனக்கென்ன கேடு? டாக்டர் சொல்லட்டும், அந்த நிமிஷமே சாவியை உன் கையில குடுத்துடறேன். ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டா, ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க."

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. குடை, நாற்காலி, கடிகாரம் என்று மூன்று வார்த்தை சொல்லி, பிறகு கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இது என்ன மாசம் என்று கேட்டாள்.

"எங்களுக்கு எல்லா மாசமும் ஒண்ணுதான் டாக்டர், வண்டிக்கு ஏது லீவு?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் வாயாலேயே தண்ணி காட்டுகிறாரே என்று மனைவி உள்ளுக்குள் பொருமினாள். இன்னும் நாலைந்து கேள்விகள் தட்டுத்தடுமாறிப் போயின.

"சரி, அந்த மூணு வார்த்தை என்ன சார்?"

மாஸ்டர் வாய் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சட்டைப் பித்தானைத் திருகினார். காது மடல் சிவந்தது. முப்பத்தோரு வருஷத்தில் ஒருவர் முன்னாலும் தலைகுனியாத மனிதர், தப்பு செய்த பிள்ளை மாதிரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான், அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. காலடியில் இருந்த குடையைத் தொட்டது. நாற்காலிக் கைப்பிடியைத் தட்டியது. மணிக்கட்டில் கடிகாரத்தைச் சரிசெய்தது.

"குடை, நாற்காலி, கடிகாரம்!" என்றார் மாஸ்டர்.

"பரவாயில்லையே! வயசானா வர்ற மறதிதாம்மா, பயப்படாதீங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பாக்கலாம்."

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று அவள் மனசு அவளையே அறைந்தது. சொல்லிவிட வாயெடுத்தாள். பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். வெளியே வந்த பிறகு மனசு கேட்காமல் திரும்பி ஓடினாள். அதற்குள் அடுத்தவர் உள்ளே போயிருந்தார்.

"இனிமே புது டோக்கன்தாம்மா. இன்னும் ரெண்டு மாசத்துக்கு ஃபுல்" என்றாள் நர்ஸ்.

ஸ்கூல் வண்டியின் டிரைவர் சீட்டில் அவரே ஏறினார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழியில் அடக்க முடியாமல் சொல்லியேவிட்டாள்.

"என்னங்க, நீங்களா சொல்லல. நான்தான் குடையைத் தொட்டுக் காமிச்சேன்."

"எந்தக் குடை?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை, நிஜமாகவே தெரியவில்லை.

"டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. நீ என்ன, அவங்களுக்கு மேல படிச்சியா? பேச்சுன்னா பேச்சு, ஆமா."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி வேகம் குறையவில்லை. எதிரே ஒருவர் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு குறுக்கே போய்க்கொண்டிருந்தார். அவள் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். தள்ளுவண்டிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"பாத்தியா, எப்படி நிறுத்தினேன்!" என்றார் மாஸ்டர். "நாளைக்குக் காலைல யாரு?"

"ஒம்பது மணிக்கு ஒரு புதுப்பொண்ணு" என்றாள் அவள். காலை அந்த பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. நாளை ஒன்பது மணிக்கு அந்த சீட்டில் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.