முன்பல் இல்லாத உளவுக்காரி

சித்தியை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு உளவாளி குணபாலன்தான் காரணம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

குணபாலன் மாத நாவலில் வருகிறவர். ஒரகடத்தில் லாரி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த என் சித்தப்பா, மாதம் பிறந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் நாவலை வாங்கி, கம்பெனி பஸ்ஸிலேயே படித்து முடித்துவிடுவார். ஷிப்டு முடிந்து மணிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும், "இன்னாடி, குணபாலன் கூப்புடுறாரு, வர்றியா?" என்பார். தட்டில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு படித்த நான் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் சித்தப்பா சத்தமாகப் படிக்க, நான் கேட்பேன்.

குணபாலன் குட்டை, வழுக்கை, வாயுத் தொல்லைக்காரர். நாயைக் கண்டால் நடுங்குவார். துப்பாக்கி கிடையாது, குடைதான். இப்படிப்பட்ட ஆளால் எப்படி உளவு பார்க்க முடியும்? பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணால்தான். ரகசியச் செய்திகளை டிபன் பாக்ஸின் அடியில் வைத்துக் கொண்டுபோவது அவள். நாயை விரட்டுவது அவள். என்னைப் போலவே அவளுக்கும் முன்பல் இல்லை, கத்திரிக்காய் பிடிக்காது. எனக்குப் பல் முளைத்த மாதம் அவளுக்கும் முளைத்தது. உலகத்தில் இப்படியும் ஒற்றுமை இருக்குமா என்று நான் அதிசயித்துப் போனேன்.

பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்தி தென்காசிப் பக்கம். இங்கே செல்போன் கம்பெனியில் வேலை செய்ய வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அவள் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வைக்கும் புளிக்குழம்பு பிடிக்கவில்லை. சித்தப்பா அந்தக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது சுத்தமாகப் பிடிக்கவில்லை. வயிறு எரிந்தது. புளியால் அல்ல.

அந்தச் சமயத்தில்தான் குணபாலன் கதை ஒன்று சினிமாவாக வந்தது. சித்தப்பா சித்தியை மட்டும் தாம்பரத்துக்கு அழைத்துப்போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தார். குணபாலனை விட்டுவிட்டு யாரையோ பார்த்துவிட்டு வந்ததைப் போல இருந்தது அவர்கள் சொன்னது. ஆறடி உயரமாம். அடர்த்தியான முடியாம். ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பானாம். அவனைக் கண்டால் நாய்கள் ஓடுமாம். பனிமலையில் ஒரு பெண்ணோடு பாட்டு வேறு.

"பக்கத்து வூட்டுப் பொண்ணா யாரு நடிச்சா?" என்று கேட்டேன்.

சித்தப்பா செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். சித்திதான் யதார்த்தமாகச் சொன்னாள். "எந்தப் பிள்ளை? படத்துல அப்படி யாரும் இல்லியே. நானும் ஹாஸ்டல்ல அந்த பொஸ்தகத்தப் படிச்சிருக்கேன், அதுலயும் கிடையாதே."

"அதுல அவ கீறா! சித்தப்பா படிச்சாரு!" என்று கத்தினேன்.

மறுநாள் சித்தப்பாவின் பையிலிருந்து அந்த நாவலை எடுத்தேன். ஒரு வாரம் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தேடினேன். குடை இருந்தது, வழுக்கை இருந்தது, வாயு இருந்தது. அவள் இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது புத்தகத்தைக் கொண்டுவந்து நடுவில் போட்டேன்.

"அந்தப் பொண்ணு வர்ற பக்கத்தையெல்லாம் சித்தி கிழிச்சிட்டாங்க!"

அப்பா சிரித்துக்கொண்டே, "பக்க நம்பரப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது" என்று புத்தகத்துக்குக் கை நீட்டினார். சித்தப்பாவின் கையில் சோறு அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தி புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாட்டி, நாந்தான் கிழிச்சேன். வடையில எண்ணெய ஒத்தி எடுக்கத் தாள் வேணும்லா?"

அம்மா சும்மா விடுவாளா? "புஸ்தகத்தக் கிழிக்கிறது இன்னா பழக்கம்? உங்க ஊர்ல அப்படித்தானா?" என்று பிடித்துக்கொண்டாள். சித்தி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. நான் இன்னொரு அப்பளம் வாங்கித் தின்றேன். அதைப் போல ருசியான அப்பளத்தை அதற்குப் பிறகு தின்றதில்லை.

போன வருடம் பழைய வீட்டைக் காலி செய்தபோது அந்த நாவல் பரண்மேல் கிடைத்தது. ஒரு தாள்கூடக் கிழியவில்லை. எண்ணெய்க் கறையும் இல்லை. கூடவே கிடந்த மற்ற குணபாலன் நாவல்களையும் உட்கார்ந்து படித்தேன். எதிலும் அவள் இல்லை. சினிமாக்காரர்கள் குணபாலனுக்கு முடி முளைக்கவைத்தார்கள், உயரத்தைக் கூட்டினார்கள். அந்தப் பெண் விஷயத்தில் மட்டும், பாவம், புத்தகத்தில் உள்ளபடியேதான் எடுத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே சித்தப்பா புது நாவலை எடுத்தார். குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் மூன்றாம் பக்கத்தில் அவள் டிபன் பாக்ஸோடு வந்துவிட்டாள். சற்றுத் தள்ளி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த சித்தி கையை நிறுத்திவிட்டு, "பெறகு அந்தப் பிள்ளை என்ன செஞ்சா?" என்று கேட்டாள். சித்தப்பா அவளைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தப்பாவைப் பிடுங்கிக்கொண்டது போதாதென்று, இப்போது அந்தப் பெண்ணையும் பிடுங்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.