கன்றிய புள்ளிகள்

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு மருத்துவமனையில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் அதன் கைகால்களில் கன்றினாற்போல் ஊதாப் புள்ளிகள். பார்க்க வந்த உறவினர்களிடமெல்லாம் என் மாமியார், "பொண்ணாப் பொறந்துடுச்சேன்னு இவ கிள்ளி வச்சிருக்கா" என்றார்.

குழந்தையின் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் சோதித்த டாக்டரம்மா அவரிடமே விளக்கினார். "ரத்தம் உறையறதுக்குத் தட்டணுக்கள் வேணும். இவங்க உடம்பு அதை எதிரின்னு நினைச்சு அழிக்குது. அந்த எதிர்ப்புப் பொருள் வயித்துல இருக்கும்போதே குழந்தைக்கும் போயிருக்கு. அதான் தோலுக்கடியில ரத்தம் கசிஞ்சு இந்தப் புள்ளிகள். சில வாரத்துல சரியாயிடும். யாரும் கிள்ளலைம்மா."

உறவினர்களிடம் சொன்னதை மாமியார் திருத்தவில்லை. நான் காத்திருந்தேன்.

புள்ளிகள் மறைந்தபின் மயிலாப்பூர் வீட்டில் பெயர் சூட்டினோம். கூடம் நிறைய அதே உறவினர்கள். குழந்தையை மாமியார் மடியில் வைத்தேன்.

"அத்தை, நான் கிள்ளினதா இவங்ககிட்ட சொன்னீங்களே. டாக்டரம்மா சொன்னதையும் நீங்களே சொல்லிடுங்க."

"ஏதோ ரத்தத்துல..." என்று தொடங்கினார். குழந்தை பசியில் வீறிட்டது. என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"முதல்ல சொல்லி முடிங்க" என்றேன்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பிறகுதான் குழந்தையை வாங்கினேன்.

அவரைத் தலைகுனிய வைத்ததற்கு இன்றும் நான் வருந்தவில்லை. என் மேல் விழுந்த பழியைத் துடைக்க, பசித்து அழுத மகளைக் காக்க வைத்ததைத்தான் இதுவரை அவளிடம் சொல்ல முடியவில்லை.