இத்தாலிப் பாடகருக்கு அப்புறம் என்ன ஆயிற்று

எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் ஓர் இத்தாலிப் பாடகர் பல வருஷம் இருந்தார். சோறு கேட்கவில்லை, பாய் கேட்கவில்லை. ஒரு கேசட்டின் அட்டையில், தோள்வரை முடி தொங்க, கடலோரச் சுவர் ஒன்றின்மேல் கிதாரோடு உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை மாமா ஒரு மாதிரி சொல்வார், நான் ஒரு மாதிரி சொல்வேன், அப்பா வேண்டுமென்றே கோணலாகச் சொல்வார். அம்மாவுக்கு அவர் வெறும் 'அந்த ஆளு'.

மாமா அம்மாவின் தம்பி. இரும்புலியூர் வீடு கைவிட்டுப் போனபின் எங்களோடு வந்து தங்கியவர். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை. லீவு நாளில் கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவார். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அவர்மேல் பச்சைத்தோல் நாற்றம் போகாது. அம்மா அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மடியில் ஏறி உட்காருவேன்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு புது மெஷின் வந்தது. தோலில் ஒட்டிய சதையைச் சீவி எடுக்கிற மெஷின். அதைப் பூட்டிக்கொடுக்க இத்தாலியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, மாமாவைத்தான் அதில் பழக்கினார். சாப்பாட்டு வேளையில் சின்ன டேப் ரிக்கார்டரில் அவர் பாட்டுப் போடுவாராம். மாமாவும் பாடுகிறவர் என்று தெரிந்ததும், ஊருக்குத் திரும்பும்போது கேசட்டை அவரிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்படி மெஷினும் பாட்டும் ஒரே ஆள் கையால் எங்களிடம் வந்து சேர்ந்தன.

மாமாவை அசத்தியது குரல் அல்ல. "அவனே எழுதுறான், அவனே மெட்டு போடுறான், அவனே பாடுறான் பாப்பா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். நம் ஊரில் அந்த மூன்றுக்கும் மூன்று ஆள் வேண்டும், அவர்களுக்குமேல் ஒரு கதாநாயகன் வாயசைக்க வேண்டும். மாமாவும் சொந்தமாகச் சில பாட்டுகள் கட்டினார். செம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் அதில் ஒன்றை எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையேறி, ஜனம் எழுந்து போகிறது, சினிமாப் பாட்டுப் பாடுப்பா என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

தினம் சாயங்காலம் கேசட்டைப் போட்டுவிட்டு, அந்தப் பாடகரின் கதையை மாமா எனக்குத் தொடர்கதையாகச் சொல்வார். அப்பன் தச்சுவேலை செய்கிறவர். பையன் மாதாகோயிலில் பாடிப் பழகி, பெரிய பட்டணத்துக்கு ஓடிப்போய், ஹோட்டல்களில் பாடினான். சொந்தப் பாட்டுப் பாடியதற்காக ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா அவனை மேடையிலிருந்து இறக்கிவிட்டார். ஆனால் அடுத்த வருஷமே கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த பாட்டுப்போட்டியில் ஜெயித்துவிட்டான். அப்புறம் ரிக்கார்டு, கார், பங்களா. இத்தாலியிலும் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா இருப்பாரா என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலாங்கிளாஸ் பிள்ளைக்கு எங்கே தோன்றும்?

பிறகு அந்த மெஷின் மாமாவின் இடதுகையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. எழுதுகிற கை தப்பித்ததே, கடவுள் புண்ணியம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே பல்லவி பாடினார்கள். கிதாரின் கழுத்தைப் பிடிக்கிற கை எது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கம்பெனியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அப்பாகூட ரேடியோவை வைக்கவில்லை. எனக்கோ கதை பாதியில் நின்ற எரிச்சல். அப்புறம் என்ன மாமா, அப்புறம் என்ன மாமா என்று முதுகைப் பிறாண்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தொல்லை தாங்காமல் சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் கதை கெட்டுப்போயிருந்தது. பாடகருக்குத் தொண்டையில் ஏதோ வந்து குரல் போய்விட்டது. கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் இல்லை. பழைய சிநேகிதர்கள் எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டிப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பி சைடில் இன்னும் பாட்டு இருக்கிறதே, அதையெல்லாம் யார் பாடினார்களாம் என்று சண்டை பிடித்தேன். அதெல்லாம் முன்னாடியே பாடி வைத்தது என்றார் மாமா.

ஒரு மத்தியானம் அவரே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். எவ்வளவு நாளைக்கப்புறம் மாமா பளிச்சென்று இருக்கிறார் என்று எனக்கு ஒரே குஷி. இன்றைக்குக் கதை முடிந்துவிடும் என்றார். பாடகர் கிதாரைத் துடைத்து, தெரிந்த பையனிடம் கொடுத்தார். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டார். ஏரிக்குப் போனார். இறங்கி நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். "அவ்ளோதான் பாப்பா" என்று கேசட்டை என் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாள் கேட்ட கதைக்கு இதுவா முடிவு? நேராகப் பின்கட்டுக்குப் போய், மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் பிராது வைத்தேன். மாமாவுக்குக் கதையே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அட்டையில் இவ்வளவு பெரிய கடல் இருக்கிறது, அந்த ஆள் போய் ஏரியில் இறங்கினான் என்கிறார், ஏரி நம் ஊரில்தானே இருக்கிறது, இத்தாலியில் ஏது ஏரி என்றேன்.

அம்மா சட்டியை அப்படியே போட்டாள். கையில் மீன் செதிலோடு, காலில் செருப்பில்லாமல், முந்தானை தரையில் இழுபட ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. பூனை வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனதை நான்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெயில் தாழ்ந்தபோது இரண்டு பேரும் வந்தார்கள். மாமா முழுக்க நனைந்திருந்தார், அம்மா மார்புவரை. மாமாவின் மணிக்கட்டை அம்மா பிடித்திருந்தாள், வாசலில் கால் கழுவும்போதும் விடவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம், யாருடைய எருமையையோ ஏரியிலிருந்து கரையேற்றப் போய் வழுக்கிவிட்டது என்றாள். மாமாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு என் கையிலிருந்த கேசட்டை வாங்கி அவர் முன்னால் வைத்து, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

அம்மா வாயில் பிறந்தவீட்டு இரும்புலியூர்ப் பேச்சு வந்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் கல்யாணமானதிலிருந்தே அதை மென்று விழுங்கியவள். அன்றைக்கு அப்பா வாசற்படியில் நிற்கும்போதே கேட்டாள்.

"அந்த ஆளுக்கு அப்புறம் இன்னா ஆச்சு?"

"முடிஞ்சு போச்சுக்கா."

"முடியல. யாராச்சும் இழுத்து வெளிய போட்டிருப்பாங்க. சொல்லு, அப்புறம் இன்னா ஆச்சு?"

அம்மா எழுந்திருக்கவும் இல்லை, அடுப்புப் பற்ற வைக்கவும் இல்லை. கடைசியில், அவன் காய்ச்சல் வந்து படுத்துக்கொண்டான் என்றார் மாமா. சரி என்று அம்மா எழுந்துபோய்ச் சோறு வடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் அந்த ஆளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டாள். அதற்கடுத்த நாள், கஞ்சி குடித்தானா என்று கேட்டாள். பாட்டு என்றாலே காத தூரம் ஓடுகிறவள், ஒரு நாள் தவறாமல் வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாலும், தனக்கே உடம்பு முடியாமல் இருந்தாலும், அவளுக்குக் கதை கேட்டாக வேண்டும். மாமா இரண்டு வார்த்தை சொன்னாலும் போதும். சொல்லாமல் அன்றைக்கு எழுந்திருக்க விட மாட்டாள்.

கதை அப்புறம் பாடாவதியாகிவிட்டது. அடுத்த வருஷம் மாமா சேலையூரில் ஒரு பிளாட்டுக்கு வாட்ச்மேனாகப் போனார். அந்த மாதமே இத்தாலிப் பாடகரும் வாட்ச்மேன் ஆனார். போட்டியில் ஜெயித்துக் காரில் போனவன் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறான்! கார் இல்லை, கச்சேரி இல்லை. கொசுக்கடி, மோட்டார் ரிப்பேர், டீ. இதை அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு என்ன செய்வான் என்று வேறு கேட்பாள்.

எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, இந்த ஆளின் கதை எப்போதுதான் முடியுமோ என்றேன்.

அம்மா என்னைப் பளாரென்று அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். கன்னத்தைத் தேய்த்தபடி நான் அழுதேன். பெற்ற பிள்ளையைவிட, முன்பின் தெரியாத ஒரு பாட்டுக்காரன்மேல் அம்மாவுக்கு இவ்வளவு பைத்தியமா என்று நெடுநாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.