ஜூரியில் உட்கார்ந்த வெர்லீன்

வெர்லீன் டாலிவர் அலபாமாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தின் சமையல்காரி. 1967 டிசம்பரில், அவளுடைய ஐம்பத்திரண்டாவது வயதில், ஜூரியாக வந்து உட்காரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது.

கணவன் ஆர்ட்டிஸ் அதை இரண்டு தடவை படித்தான். "பேரு மாறி வந்திருக்கும். இந்தக் கோர்ட்டுல பொம்பளைய ஜூரியில உக்கார வச்சதே கிடையாது. அதுலயும் நம்ம கறுப்பு ஜனத்தையா?"

"பொம்பளைய ஜூரியில சேக்கக்கூடாதுங்கிற சட்டம் செல்லாதுன்னு போன வருஷமே தீர்ப்பாயிடுச்சு. சர்ச்சுல பாதிரியார் சொன்னப்ப நீ குறட்டை விட்டுக்கிட்டிருந்த."

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

"அடுப்பு இருக்கு. உனக்குக் கை இருக்கு."

நீதிமன்றத்தில் குமாஸ்தா, "மிஸஸ் டாலிவர்!" என்று கூப்பிட்டார். எந்த வெள்ளைக்காரரும் அவளை அப்படி அழைத்ததில்லை. வெள்ளைக்காரச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவள் வெறும் 'வெர்லீன்'தான். யாரையோ கூப்பிடுகிறார் என்று இருந்துவிட்டாள். இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் எழுந்தாள்.

வழக்கு ஒரு பன்றித் தொடையைப் பற்றியது. நவம்பரில் பன்றி வெட்டி, உப்பிட்டுப் புகையில் தொங்கவிட்ட தொடையை மூன்றே வாரத்தில் கூலியாள் ரூஃபஸ் திருடிவிட்டான் என்றார் பண்ணைக்காரர். அது தன் வீட்டுப் பன்றி, போன வருடம் வெட்டியது என்றான் ரூஃபஸ். அவன் வீட்டில் எடுத்த தொடை சாட்சிப் பொருளாக மேஜைமேல் கிடந்தது.

ஜூரி அறையில் பதினொரு ஆண்கள், அவள் ஒருத்தி. தலைவராக இருந்த இரும்புக்கடைக்காரர் ஹார்லன் சொன்னார்: "வெர்லீன், எல்லாருக்கும் காப்பி ஊத்து. அதுக்குள்ள குற்றவாளின்னு கையத் தூக்கி முடிச்சிடலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வாங்க, ஊத்தித் தரேன். இன்னிக்கு என்னை உக்காரத்தான் கூப்பிட்டிருக்காங்க. அந்தக் கறியக் கொஞ்சம் இங்க கொண்டாரச் சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கறி வந்தது. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கட்டை மாதிரி இறுகி, கறுத்து, பூஞ்சை படர்ந்திருந்தது.

"நவம்பர்ல வெட்டுன கறின்னா விரல் அமுங்கும். இது ஒரு வருஷமாவது தொங்கியிருக்கணும்."

மூலையிலிருந்த கிழட்டு விவசாயி, வெள்ளைக்காரர், வந்து தானும் அழுத்தினார். "இந்தம்மா சொல்றது சரிதான்யா. நானும் அம்பது வருஷமாப் பன்னி வெட்டுறேன்."

பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் தீர்ப்பு. ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஹார்லனும் தன் காப்பியைத் தானே ஊற்றிக்கொண்டு, "சரி, குற்றமில்ல" என்றார். ரூஃபஸ் வெளியே வந்ததும் அவன் மனைவி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வீட்டில் ஆர்ட்டிஸ் சோள ரொட்டியைக் கருக்கி வைத்திருந்தான். வெர்லீன் குறை சொல்லாமல் தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிமுடித்தாள்.

அதன்பிறகு மூன்று தடவை அவளை ஜூரிக்கு அழைத்தார்கள். அதில் ஒருமுறை குற்றவாளிதான் என்றும் சொன்னாள். அன்றும் நிம்மதியாகத் தூங்கினாள். அலுக்கவில்லையா என்று சர்ச்சுப் பெண்கள் கேட்டால் சிரிப்பாள்.

"நாள் பூரா உக்காந்து யோசிச்சுச் சொல்லுன்னு என்னை வேற யாருடி கேட்டாங்க?"